கும்மிக்கு யாரையும் கூப்பிடுவதில்லை

தேவராஜ மார்க்கெட்டை ஒட்டிய சந்து ஒன்றில் தருண்குமாரின் ஜெராக்ஸ் கடை இருக்கிறது. கடை என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். இரண்டு இயந்திரம், ஒரு கணினி, ஒரு ஸ்டூல், அவ்வளவுதான். அந்த ஸ்டூலில் பதினொரு வருடமாக உட்கார்ந்திருப்பவள் செல்லக்கண்ணு. ரேஷன் கார்டில் பெயர் சேர்க்க, முதியோர் பென்ஷன் வாங்க, சாதிச் சான்றிதழ் கேட்க என்று வருகிறவர்களின் படிவங்களைக் கன்னடத்தில் நிரப்பிக் கொடுப்பது அவள் வேலை. பிறந்தது கௌதள்ளி. படித்தது ராமாபுரத்தில், எஸ்.எஸ்.எல்.சி. வரை கன்னடத்தில். வீட்டில் தமிழ், வெளியில் கன்னடம், கோபம் வந்தால் இரண்டும். டைல்ஸ் பதிக்கிற கந்தசாமிக்கு வாழ்க்கைப்பட்டு மைசூருக்கு வந்து முப்பது வருடம் ஓடிவிட்டது.

ஆனால் காலனியில் யாரையாவது நிறுத்தி, செல்லக்கண்ணு யார் என்று கேட்டுப் பாருங்கள். ஜெராக்ஸ் கடை என்று ஒருத்தரும் சொல்ல மாட்டார்கள். "நம்ம கும்மிக்காரியைக் கேக்கறீங்களா?" என்பார்கள்.

அந்தக் காலனியில் பாதிக்கு மேல் கொள்ளேகால், ஹனூர் பக்கமிருந்து கட்டட வேலைக்கு வந்து, அப்படியே தங்கிவிட்ட தமிழ்க் குடும்பங்கள். சித்திரையில் மாரியம்மனுக்குத் திருவிழா எடுப்பார்கள். முளைப்பாரியை நடுவில் வைத்துப் பெண்கள் சுற்றி நின்று கும்மி அடிப்பார்கள். பதினெட்டு வருடம் அந்தக் கும்மிக்கு முன்பாட்டுப் பாடியவள் செல்லக்கண்ணுதான். வட்டம் என்றால் அவளுக்கு வட்டமாக இருந்தாக வேண்டும். ஒருத்தி தண்ணீர் குடிக்கப் போனால்கூட, அடுத்த கைத்தட்டுக்குள் மற்றவர்கள் நகர்ந்து அந்த இடத்தை மூடிவிட வேண்டும். "ஓட்டை உடைசலா நின்னீங்கன்னா அம்மன் அந்தச் சந்து வழியா எந்திரிச்சுப் போயிருவா" என்று அதட்டுவாள். அம்மன் போவாளோ மாட்டாளோ, செல்லக்கண்ணு பாட்டை நிறுத்திவிடுவாள் என்ற பயத்தில் எல்லோரும் நெருங்கி நிற்பார்கள்.

இன்னொரு விதியும் உண்டு. கும்மிக்கு யாரையும் கூப்பிடக் கூடாது. அது முன்பிருந்தே இருந்த பழக்கம்தான் என்றாலும் இரும்பு மாதிரி ஆக்கியவள் இவள். "கூப்பிட்டு வர்றவ நமக்காக வர்றவ. தானா வர்றவதான் அம்மனுக்காக வர்றவ" என்பாள். ஒருமுறை மீனா என்கிற சின்னப்பெண், அப்போதுதான் கல்யாணமாகி வந்தவள், தன் நாத்தனாரைக் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள். செல்லக்கண்ணு பாட்டை அந்தரத்தில் நிறுத்திவிட்டு, நாத்தனார் வெளியே போகும் வரை வாயைத் திறக்கவில்லை. மீனாவுக்கு அழுகை வந்துவிட்டது. பாட்டில் மட்டும் அம்மனை விடாமல் கூப்பிட்டுக்கொண்டே இருப்பார்கள்.

ஏழு தெருவையும் கூட்டி வெச்சோம், தாயே
எப்ப வருவேன்னு பாத்து நின்னோம்

தெய்வத்தைக் கூப்பிடலாம், பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிடக் கூடாது. இது என்ன நியாயம் என்று யாரும் கேட்டதில்லை.

மூன்று வருடத்துக்கு முன்னால் கந்தசாமி இறந்துபோனான். காலையில் நெஞ்சு வலி என்றான், மத்தியானம் ஆஸ்பத்திரியிலிருந்து துணி போர்த்திக் கொண்டுவந்தார்கள். அந்த வருடத் திருவிழாவுக்குச் செல்லக்கண்ணு வீட்டை விட்டே வெளியில் வரவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தாள். கும்மிச் சத்தம் சுவரைத் தாண்டி வந்தது. மீனா முன்பாட்டுப் பாடுவது கேட்டது. குரல் நல்ல குரல்தான். ஆனால் மூன்றாவது அடியில் அவசரப்படுகிறாளே என்று, அந்தத் துக்கத்திலும் செல்லக்கண்ணுவுக்குப் பட்டது.

அடுத்த சித்திரையில் அவள் தலைக்குக் குளித்தாள். வெளிர்நீலச் சேலை ஒன்றைக் கட்டிக்கொண்டு கோயில் திடலுக்குப் போனாள். வட்டம் கட்டுகிற இடத்துக்கு நாலடி தள்ளி நின்றாள். யாராவது ஒருத்தி, 'வாங்கக்கா' என்று ஒரு வார்த்தை சொல்வாள் என்று நின்றாள். புருஷன் போனவள் கும்மியில் நிற்கக் கூடாது என்று காலனியில் யாரும் சொன்னது கிடையாது. நிற்கலாம் என்றும் யாரும் சொன்னது கிடையாது. அந்த ஒரு வார்த்தைதான் அவளுக்கு வேண்டியிருந்தது. பெண்கள் அவளைப் பார்த்தார்கள், சிரித்தார்கள், சாப்பிட்டாயா என்று கேட்டார்கள். பிறகு செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போனார்கள். பாட்டுத் தொடங்கிவிட்டது. செல்லக்கண்ணுவுக்கு உள்ளங்கை இரண்டும் தினவெடுத்தன. முந்தானையைச் சுருட்டிக் கைக்குள் வைத்து அழுத்திக்கொண்டாள். சரி, இதுதான் பதில் என்று நினைத்துக்கொண்டாள்.

அவள் நின்ற இடத்துக்குப் பக்கத்தில், கழற்றிவிட்ட செருப்புகளுக்குக் காவலாக மாதம்மா உட்கார்ந்திருந்தாள். மார்க்கெட்டில் பூக் கட்டுகிறவள், கிட்டத்தட்ட இவள் வயதுதான். மடியில் எல்லோருடைய கைபேசியும் சாவிக்கொத்தும் இருக்கும். மாதம்மாவின் புருஷன் போய் ஒன்பது வருடம் ஆகிறது. அந்த வருடத்திலிருந்தே அவள் வட்டத்துக்கு வெளியில்தான். அப்போது முன்பாட்டுப் பாடிக்கொண்டிருந்த செல்லக்கண்ணு, 'வந்தால் வரட்டும், அவளே வரவில்லையே' என்று நினைத்து, அவள் நின்ற இடத்தை மூடச் சொல்லிவிட்டுப் பாட்டைத் தொடர்ந்தாள். அது அவளுக்கு மறந்தே போயிருந்தது. இப்போது இருவரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தார்கள். வெயிலைப் பற்றிப் பேசினார்கள், மல்லிகை விலையைப் பற்றிப் பேசினார்கள். கும்மியைப் பற்றி மட்டும் பேசவில்லை.

சும்மா நிற்பதற்கு ஏதாவது செய்யலாமே என்று செல்லக்கண்ணு கைபேசியில் கும்மியைப் படம் எடுத்தாள். அடுத்த வருடமும் எடுத்தாள். வெளியில் நிற்கிறவளுக்கு வேறு என்ன வேலை?

அந்தப் படங்களுக்கு ஒரு தேவை வந்தது.

தசரா சமயத்தில் ஏதோ ஒரு வட்டார மேடையில் வெளியூர்ப் பெண்கள் கோலாட்டம் ஆடியதை மீனா பார்த்தாள். ஒரே மாதிரி சேலை, நல்ல மைக், ஆடி முடித்ததும் ஏறிப் போக வேன். விசாரித்ததில், உள்ளூர்க் கலைக்குழுக்களுக்கு அரசாங்கம் மானியம் தருகிறது என்று தெரிந்தது. மறுநாள் காலையில் கடை திறக்கும்போதே மீனா வந்து நின்றாள்.

"ஏனக்கா, நம்ம கும்மிக்கு என்ன கொறைச்சல்? நாமளும் எழுதிப் போட்டா என்ன?"

"போடலாம். அதுக்குச் சங்கமாப் பதிவு பண்ணோணும். தலைவி, செயலாளர்னு ஆள் வேணும்."

"நீங்கதான் செயலாளர். கன்னடத்துல கையெழுத்துப் போட எங்கள்ல வேற யாரு இருக்காங்க?"

மீனா அதைச் சொன்ன வேகத்தில் செல்லக்கண்ணுவுக்கு நெஞ்சு துள்ளியது. பிறகுதான் உறைத்தது. கையெழுத்துக்குத்தான் கேட்கிறாள். கைதட்டுவதற்கு இல்லை.

இருந்தாலும் வேலை என்று வந்துவிட்டால் செல்லக்கண்ணு அரைகுறையாகச் செய்ய மாட்டாள். சங்கம் பதிவானது. படிவம் வந்தது. பதினாறு பக்கம். குழு எப்போது தொடங்கியது, எங்கெங்கு நிகழ்த்தியது, மானியத்தை எதற்குச் செலவிடப் போகிறீர்கள் என்று ஒவ்வொரு கட்டத்தையும் முத்து முத்தாக எழுதினாள். மைக் செட், விளக்கு, மழை வந்தால் பயிற்சி எடுக்க ஒரு கூடம். 'இக்கலையின் சிறப்பு' என்ற கட்டத்தில் ஆறு வரிதான் இடம். அவள் பின்னால் ஒரு தாள் ஒட்டி நாற்பது வரி எழுதினாள். எந்த அடியில் குனிய வேண்டும், எந்தத் தட்டு உள்ளங்கையில், எந்தத் தட்டு விரலில், பாட்டு உச்சத்துக்குப் போகும்போது வட்டம் எப்படி ஒரு சுற்றுச் சுருங்கி மறுபடி விரிய வேண்டும் என்று எழுதிக்கொண்டே போனாள். எழுதுகையில் ஸ்டூலுக்கு அடியில் அவள் கால் தாளம் போட்டது.

"அக்கா, இத யாரு படிப்பாங்க? பேக, சீக்கிரம் முடிங்க, லைன் நிக்குது" என்றான் தருண்குமார். அவனுக்குத் தமிழும் கன்னடமும் எப்போதும் ஒரே வாக்கியத்துக்குள்தான் இருக்கும்.

மூன்று வருடத்து நிகழ்ச்சிகளின் புகைப்படம் வேண்டும் என்று படிவம் சொன்னது. கடைசி இரண்டு வருடம் அவளே எடுத்தவை இருந்தன. அவள் வீட்டுக்குள் இருந்த வருடத்துப் படம் மீனாவின் கைபேசியில் கிடைத்தது. மடியில் கிடந்த கைபேசியால் மாதம்மா எடுத்ததாம். மூன்றையும் கணினியில் பெரிதாக்கிப் பார்த்த தருண்குமார், "இங்க பாருங்கக்கா, பல்லு விழுந்த மாதிரி ஒரு கேப்பு" என்றான்.

செல்லக்கண்ணு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தாள். உண்மைதான். எடுத்தபோது அவள் கண் கைத்தட்டில்தான் இருந்தது. முளைப்பாரிக்குக் கிழக்கே, ஓர் ஆள் நிற்கிற அளவுக்கு வட்டம் திறந்து கிடந்தது. ஒரு படத்தில் இல்லை, மூன்றிலும்.

"மீனாவுக்கு வட்டம் கட்டத் தெரியல" என்றாள் எரிச்சலாக. "நான் நின்னிருந்தா இப்படி விட்டிருப்பனா?"

அந்தப் பக்கம் தெரியாதபடி ஓரத்தை வெட்டிவிட்டு அச்சுப் போடச் சொன்னாள்.

அடுத்தது கலைஞர்கள் பட்டியல். குறைந்தது பன்னிரண்டு பேர் இருக்க வேண்டும், ஆதார் நகலோடு. மீனா கொண்டுவந்தது பதினொன்று.

"பன்னெண்டாவது?"

மீனா தரையைப் பார்த்தாள். "அது வரும்க்கா. எடம் விட்டு வையுங்க."

"யாருன்னு சொன்னா பேரையாவது எழுதுவனே?"

"இல்லக்கா, வரட்டும். வந்தப்புறம் எழுதிக்கலாம்."

அன்று மாலை வரைக்கும் செல்லக்கண்ணுவுக்குச் சோறு இறங்கவில்லை. யாரைப் பிடித்து வைத்திருக்கிறாள் இந்த மீனா? மூன்றாம் சந்தில் புதிதாக வந்திருக்கும் மருமகளா? பால் பூத்துக்காரியின் தங்கையா? அவளுக்குக் கும்மியின் முதல் அடியாவது தெரியுமா? பன்னிரண்டாவது வரி வெறுமையாக அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது. பேனா கையில் இருக்கிறது. ஆதார் பையில் இருக்கிறது. தன் பெயரைத் தானே எழுதிவிட்டால் யார் கேட்கப் போகிறார்கள்? எழுதப் போனாள். 'செ' என்று பேனாவை வைக்கும் முன் கை நின்றுவிட்டது. வேண்டாம் என்று வெளியில் நிறுத்தியவர்களுக்கு நடுவில் திருட்டுத்தனமாகப் போய் நிற்பதா? பதினெட்டு வருடம் முன்பாட்டுப் பாடியவளுக்கு இந்தக் கதி வேண்டாம். அவளுக்கு அழுகை வந்தது. கடையில் ஆள் இருந்ததால் மூக்கை மட்டும் சிந்திக்கொண்டாள்.

கடைசி நாளிலும் பெயர் வரவில்லை. வரியைக் காலியாகவே விட்டு அலுவலகத்தில் கொண்டுபோய்க் கொடுத்தாள். அங்கிருந்த சிவகுமார் என்ற எழுத்தர் பென்சிலால் அந்த இடத்தில் ஒரு சுழி போட்டு, "நேரில் ஆடிக் காட்டும் நாளில் பன்னிரண்டாவது ஆளைக் கூட்டி வாருங்கள். ஆள் குறைந்தால் கோப்பு திரும்பிவிடும்" என்றார் கன்னடத்தில்.

அந்த நாள் பங்குனி நடுவில் வந்தது. காலை பதினொரு மணி. ஓர் அரசு அரங்கத்தின் பின்புறம், காட்டுவாகை மர நிழலில் மேஜை போட்டு மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இருந்த கண்ணாடிக்கார அம்மையார்தான் தலைவர் போலும். கேமரா ஒன்று முக்காலியில் நின்றது. காலனியிலிருந்து இரண்டு ஆட்டோவில் அடைந்துகொண்டு எல்லோரும் வந்திருந்தார்கள். பாத்திரத்தில் முளைவிட்ட நவதானியம் வந்தது. செருப்புகளுக்குக் காவலாக மாதம்மாவும் வந்தாள். பன்னிரண்டாவது பெண் வரவில்லை.

செல்லக்கண்ணு மீனாவின் தோளைப் பிடித்தாள். "எங்க புள்ள உன்ற ஆளு? இப்ப வரலைன்னா அத்தனையும் பாழாப் போயிரும்!"

மீனா அவளையே பார்த்தாள். "வருவாங்கக்கா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய் நின்றுகொண்டாள்.

செயலாளர் கையெழுத்துப் போட வேண்டும் என்று சிவகுமார் செல்லக்கண்ணுவை மேஜைக்குக் கூப்பிட்டார். அவள் குனிந்து பதிவேட்டைப் புரட்டும்போது பின்னால் கும்மி தொடங்கியது. பார்க்காமலே அவளுக்குத் தெரிந்தது, மூன்றாவது அடியில் மீனா இன்னும் அவசரப்படுகிறாள்.

கண்ணாடிக்கார அம்மையார் பேனாவால் காற்றில் எண்ணினார். கையை உயர்த்தினார். பாட்டு நின்றது.

"பதினொரு பேர்தானே இருக்கிறீர்கள்? அது என்ன, நடுவில் ஓர் இடம் விட்டு நிற்கிறீர்கள்? கேமராவில் பார்க்க நன்றாக இல்லை. நெருங்கி மூடிக்கொள்ளுங்கள்."

செல்லக்கண்ணுவுக்கு அவமானமாக இருந்தது. அதையேதானே நானும் சொன்னேன் என்று நினைத்தாள்.

மீனா நகரவில்லை. அவளும் கன்னடத்தில்தான் பதில் சொன்னாள்.

"மூட மாட்டோம் மேடம். அது ஒருத்தர் நிற்கிற இடம்."

"யார்?"

"உங்கள் மேஜையில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருக்கிறாரே, அவர். அவர் வீட்டுக்காரர் போனதிலிருந்து மூன்று வருடமாக அந்த இடத்தை விட்டுவிட்டுத்தான் ஆடுகிறோம். பட்டியலிலும் அவருக்குத்தான் இடம் விட்டோம்."

அம்மையார் செல்லக்கண்ணுவைப் பார்த்தார், மீனாவைப் பார்த்தார். "பக்கத்திலேயே இருக்கிறார். கூப்பிடுவதுதானே?"

"கூப்பிடக் கூடாது மேடம். அது அவர் வைத்த விதி. நாங்கள் எப்படி மீறுவது? நீங்கள் கேட்டதால் சொன்னேன்."

பேனா பதிவேட்டின் மேல் கோணலாக ஒரு கோடு இழுத்து நின்றது. செல்லக்கண்ணு நிமிர்ந்தாள். பதினொரு பெண்களும் அவளைப் பார்க்காமல் வேறு எங்கெங்கோ பார்த்துக்கொண்டிருந்தார்கள். பார்த்தால் அதுவும் கூப்பிட்டது மாதிரி ஆகிவிடும் அல்லவா? கிழக்குப் பக்கம் அந்த இடம் இருந்தது. அவள் வெட்டி எறியச் சொன்ன இடம். ஒரு வார்த்தைக்காக இவள் அங்கே நின்றாள், ஓர் அடிக்காக அவர்கள் இங்கே நின்றார்கள். நடுவில் இருந்தது நாலடி தூரம். என்ன பெண்கள் இவர்கள், தானும் என்ன பெண் என்று அவளுக்குக் கோபம் கோபமாக வந்தது. கண் மறைத்தது.

செருப்பை உதறினாள். ஒன்று இங்கே விழுந்தது, ஒன்று மேஜைக்கு அடியில் போனது. நாலு எட்டில் போய் அந்த இடத்தில் நின்றாள்.

"ம், எடு" என்றாள் மீனாவிடம்.

"நீங்க எடுங்கக்கா."

"நீயே எடு. மூணாவது அடியில மட்டும் ஓடாத."

முதல் தட்டு ஒரு கணம் தப்பிவிட்டது. இரண்டாவது சேர்ந்துகொண்டது. மூன்றாவதற்குப் பிறகு கைகளுக்கு அவள் எதையும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. 'எப்ப வருவேன்னு பாத்து நின்னோம்' என்ற அடி வந்தபோது பன்னிரண்டு பேரில் ஏழெட்டுப் பேருக்குக் குரல் எழும்பவில்லை. மேஜையில் இருந்தவர்கள் அதையும் கலை என்று நினைத்துக் குறித்துக்கொண்டார்கள்.

வட்டம் சுருங்கி விரிந்தது. விரிந்தபோது செல்லக்கண்ணுவின் கண்ணில் மாதம்மா பட்டாள். மேஜைக்கு அடியில் குனிந்து, உதறி எறிந்த செருப்பைத் தேடி எடுத்து, இரண்டையும் ஜோடி சேர்த்து வரிசையில் வைத்துக்கொண்டிருந்தாள். வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். மடியில் கைபேசிகளுக்கு நடுவில் அவள் விரல்கள் தாளத்துக்கு அசைந்தன. ஒன்பது வருடம். 'அவளே வரவில்லையே' என்று நினைத்துத் தான் மூடச் சொன்ன இடம் அப்போதுதான் செல்லக்கண்ணுவுக்கு ஞாபகம் வந்தது.

கூப்பிட முடியாது. பதினொரு பேர் முன்னால் தன் விதியைத் தானே உடைக்கவும் அவளுக்குத் தெரியவில்லை. அடுத்த சுற்றில் அவள் ஓர் அடி இடப்பக்கம் நகர்ந்தாள். வலப்பக்கம் ஓர் ஆள் நிற்கிற அளவுக்கு இடம் விட்டாள். அடுத்தவள் பழக்கத்தில் நெருங்கி வந்தபோது முழங்கையால் தடுத்தாள். எதிரில் நின்ற மீனா அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டுப் பாட்டை இன்னொரு சுற்று நீட்டினாள்.

மாதம்மாவும் பார்த்தாள். அன்று அவள் எழுந்து வரவில்லை. கும்மி முடிந்ததும் எல்லோருக்கும் செருப்பை எடுத்துக் கொடுத்தாள். செல்லக்கண்ணுவுக்குக் கொடுக்கும்போது மட்டும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

மானியம் கிடைத்தது. ஆணை வந்த கடிதத்தைத் தருண்குமார் காசு வாங்காமல் பதினைந்து நகல் எடுத்துக் கொடுத்தான். பன்னிரண்டாவது வரியில் செல்லக்கண்ணுவின் பெயர் அச்சிலேயே இருந்தது.

சித்திரையில் புது மைக் செட் வந்தது, விளக்கு வந்தது, எல்லோருக்கும் அரக்குச் சேலை வந்தது. கும்மி நல்ல கூட்டத்தோடு நடந்தது. முடிந்த பிறகு பார்த்தால் மூன்று ஜோடிச் செருப்பைக் காணவில்லை. மீனாவுடையதும் அதில் ஒன்று. அவள் வெறுங்காலோடு திடல் முழுக்கத் தேடினாள். யார் மேலும் கோபப்பட முடியவில்லை. அந்த வருடம் செருப்புக்குக் காவல் இருக்க வெளியில் ஒருத்தரும் மிச்சமில்லை.